அம்மா ஏறாத கப்பல்

1. அவுஸ்திரேலியாவில் இருக்கும் அண்ணன், டிசம்பர் விடுமுறைக்கு எங்கள் எல்லோருக்கும் ஓர் உல்லாசக் கப்பலில் இடம் பதிவு செய்தார். சிங்கப்பூரில் ஏறி, ஏழு நாள் சுற்றி, சிங்கப்பூரிலேயே இறங்க வேண்டும்.

2. அம்மா உறவுக்காரர் வீடு பதினேழுக்குப் போய்ப் பயணம் சொன்னார்.

3. கட்டுநாயக்க விமான நிலையத்தில், அம்மாவை ஏற்ற முடியாது என்றார்கள். பயணச்சீட்டில் இருந்த பெயரும் கடவுச்சீட்டில் இருந்த பெயரும் ஒன்றல்ல.

4. அப்பாவும் நானும் போனோம்.

5. அம்மா எங்களை ஏற்றி வந்த வாடகை வானிலேயே ஊருக்குத் திரும்பி, கேற்றுக்கு வெளிப்பக்கமாகப் பூட்டுப் போட்டுவிட்டு, நாங்கள் வரும்வரை வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

6. அப்பா குடும்ப வட்ஸ்அப் குழுவில், அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, கெபினில் படுத்திருக்கிறார் என்று எழுதினார்.

7. எல்லோரும் நம்பினார்கள்.

மூன்றாவது நடந்ததற்கு நான்தான் காரணம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் மென்பொருள் பரிசோதகராக வேலை செய்கிறேன். நிறுவனம் கொழும்பில் இருக்கிறது. நான் கிழக்கே, கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறேன். இணையத்தில் மனிதர்கள் நிரப்பும் படிவங்களில் பிழை பிடிப்பது என் தொழில். பெயர் எழுதும் இடத்தில் இலக்கம் போட்டால் என்ன ஆகும், பிறந்த திகதியை நாளைக்கு என்று கொடுத்தால் ஏற்றுக்கொள்ளுமா, குடும்பப் பெயரை வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்குமா என்று நாள் முழுவதும் பார்ப்பேன். ஆகவே அண்ணன் கப்பல் பற்றிச் சொன்ன அன்றே ஆயத்த வேலை முழுவதையும் நான் எடுத்துக்கொண்டேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. யாரும் கேட்காமலே இப்படியான வேலைகள் எனக்கு வந்துவிடும்.

கப்பல் பயணத்துக்கான ஆலோசனைகளை ஆறேழு இணையப் பக்கங்களில் வாசித்து அறுபத்திரண்டு வரிகளில் ஓர் அட்டவணை போட்டேன். அந்தப் பக்கங்களை எழுதியவர்கள் எல்லோரும் வேறு கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள். 'கடவுச்சீட்டை மறக்காதீர்கள்' என்பதோடு அவர்களுக்கு அந்த விடயம் முடிந்துவிடும். அண்ணன் குடும்பத்துக்கும் அப்படித்தான். எங்களுக்கோ, கப்பல் நிற்கும் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் எங்கள் கடவுச்சீட்டுக்கு என்ன கேட்கிறார்கள் என்று தனித்தனியாகத் தேட வேண்டியிருந்தது. கரையில் இறங்காமல் கப்பலிலேயே இருந்தாலும் சில இடங்களில் விசா வேண்டும். அட்டவணையின் முதல் பதினெட்டு வரிகள் இதற்கே போயின. அண்ணனுக்கு அனுப்பியபோது, "இவ்வளவு கரைச்சலா?" என்று கேட்டு ஒரு சிரிப்புப் படம் போட்டிருந்தார்.

மற்ற வரிகளில் இருந்தவை இப்போதும் நல்ல ஆலோசனைகள்தான். தலைச்சுத்து உள்ளவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் கெபின் கேட்க வேண்டும். கப்பல் புறப்படும் நாளுக்கு முதல் நாளே துறைமுக நகரத்துக்குப் போய்விட வேண்டும். பெரிய பெட்டிகள் கெபினுக்கு வந்து சேரப் பின்னேரம் ஆகும், ஆகவே மருந்தும் ஒரு மாற்றுடுப்பும் கைப்பையில் இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சீனி வருத்தம். இன்சுலினைக் குளிராக வைக்கும் பையும், வைத்தியரின் கடிதமும் தனி வரி. தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல் கொண்டுபோகக் கூடாது. இதற்காக அம்மாவோடு இரண்டு நாள் சண்டை. கேத்தல் இல்லாமல் ஏழு நாள் ஒரு மனிதன் எப்படி உயிரோடு இருப்பது என்பது அம்மாவின் கேள்வி.

இருபத்து மூன்றாவது வரி: 'பயணச்சீட்டில் பெயர், கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்கிறதா?' அதற்கு நேரே நான்கு பெட்டிகள் போட்டு, அப்பா, அம்மா, நான் என்று மூன்றில் சரி அடையாளம் இட்டேன். நான்காவது அண்ணன் குடும்பத்துக்கு.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். அம்மாவின் அப்பா கட்டிக் கொடுத்த வீட்டுக்குத்தான் எங்கள் அப்பா கல்யாணம் முடித்து வந்தார். காணி உறுதியில் அம்மாவின் பெயருக்கு முன்னால் அவருடைய அப்பாவின் பெயர் இருக்கிறது. கடவுச்சீட்டிலும் அதுதான். ஆனால் வீட்டைத் தேடி வரும் கல்யாண அழைப்புக் காட்டுகள், கோயில் பற்றுச்சீட்டு, எங்கள் பள்ளிக்கூடத்து முன்னேற்ற அறிக்கை, எல்லாவற்றிலும் அவர் திருமதி, அதன்பின் அப்பாவின் பெயர். அண்ணனுக்கு அங்கே அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. பதிவுப் படிவத்தில் எல்லோருக்கும் அதையே போட்டார். என்னுடையது அப்படியே பொருந்தியது. அப்பாவுடையதில் முன்னது பின்னதாக மாறியிருந்தது, ஆனால் இரண்டு சொற்களும் இருந்தன. அம்மாவுடையதில் ஒரு சொல்லே வேறு.

அண்ணன் அனுப்பிய சீட்டை நான் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கடவுச்சீட்டு எண்ணை இரண்டு முறை ஒப்பிட்டேன். பிறந்த திகதியை ஒப்பிட்டேன். பெயரை வாசித்தேன். அது என் அம்மாவின் பெயர். எத்தனையோ கடித உறைகளில் பார்த்த பெயர். சரி என்று போட்டேன்.

பயணம் சொல்லுவது என்பது எங்கள் ஊரில் சும்மா தகவல் கொடுப்பதல்ல. தூரம் போகிறவர் வீடு வீடாகப் போய், இருந்து, தேத்தண்ணி குடித்து, 'போயிட்டு வாறன்' என்று சொல்லி, அவர்கள் 'நல்லபடியாப் போயிட்டு வாங்க' என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு போகத்தான் வேண்டும். அம்மாவோடு நானும் ஏழெட்டு வீடுகளுக்குப் போனேன். கடைசியாகப் போனது அப்பாவின் தங்கை வீடு. அம்மாவும் மாமியும் ஒருவரை ஒருவர் மச்சாள் என்று கூப்பிட்டுக்கொண்டே முப்பது வருடமாகப் பொருதுகிறவர்கள்.

"மச்சாள், கப்பல்ல கக்கூசு இரிக்காமா?" என்று மாமி கேட்டார். "இல்லாட்டி முந்திப் பாதையில போற மாதிரி கரை வரும் மட்டும் இறுக்கிப் புடிக்கிறதா?"

பாதை என்பது மண்முனையில் பாலம் வருவதற்கு முன் வாவியைக் கடக்க நாங்கள் ஏறிய இரும்புத் தட்டு. மனிதர், சைக்கிள், நெல் மூட்டை, மாடு எல்லாம் ஒன்றாக நின்று வரும். அம்மா தண்ணீரின் மேல் போன பயணம் அது ஒன்றுதான்.

"கெபினுக்குள்ளயே இரிக்காம். சுடுதண்ணியும் வருமாம்," என்றார் அம்மா.

"அப்ப நீங்க வெளியில வரமாட்டீங்க. அண்ணன்தான் பாவம், தனியத் திரியப்போறார்."

"உங்கட அண்ணன நீங்க வந்து பாத்துக்கங்கோவன். பெட்டிக்குள்ள இடம் கிடக்கு, மடிச்சு வைக்கிறன்."

அன்று திரும்பி நடந்து வரும்போது அம்மா பாட்டொன்றை முணுமுணுத்தார். அவர் அப்படிச் செய்வதை நான் அதிகம் கேட்டதில்லை.

விமான நிலையத்தில், சீட்டுப் பார்க்கும் பெண் அம்மாவின் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை திரையைப் பார்த்தார். பிறகு என்னிடம், இவர்தானா அவர் என்று கேட்டார். நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. மேலதிகாரி வந்தார். நல்ல மனிதர். திருமணச் சான்றிதழ் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம் என்றார். தலைச்சுத்துக் குளிசையை மூன்று பைகளில் வைத்திருந்தேன். திருமணச் சான்றிதழ் வீட்டு அலுமாரியில் இருந்தது. அண்ணன் அந்த நேரம் விமானத்தில். அன்று ஞாயிற்றுக்கிழமை, சீட்டு எடுத்த முகவர் நிலையத்தில் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது. விமானத்தில் ஏற்றினாலும் கப்பலில் ஏற்றமாட்டார்கள், அவர்களுடைய பயணிகள் பட்டியல் மூடிவிட்டது என்றார் அதிகாரி.

நான் போகவில்லை என்றேன். அம்மா என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஒங்கப்பாக்கு ஊசி ஆரு போடுற? அவர் சோத்தக் கண்டா விடமாட்டார். நீ போ, புள்ள."

"அப்ப அப்பாவும் வரட்டும். மூண்டு பேரும் வீட்ட போவம்."

அம்மா அப்பாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்பா பெட்டிகள் போகும் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பெட்டி உள்ளே போய்விட்டிருந்தது.

"மகன் அங்க வந்து நிப்பான்தானே," என்றார் அப்பா. "ஒருத்தரும் போகாட்டி அவன் என்ன நினைப்பான்?"

அம்மா தலையாட்டினார். வான் இன்னும் வாகனத் தரிப்பிடத்தில் நின்றது. தன்னுடைய பெட்டியைத் தானே தள்ளிக்கொண்டு போனார். எட்டு மணித்தியால ஓட்டம்.

கப்பல் அழகாகத்தான் இருந்தது. அதைப் பொய்யாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. காலையில் மேல்தட்டில் சனம் குறைவு. நல்ல கதிரை வேண்டுமானால் ஏழு மணிக்கு முன் போக வேண்டும். பெரிய சாப்பாட்டு மண்டபத்தில் முதல் வரிசையில் இருப்பதை எடுக்காமல் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். மரக்கறிச் சாப்பாட்டை முதல் நாளே சொல்லிவைத்தால் தனியாகச் சமைத்துத் தருவார்கள். கரையில் இறங்கினால், கப்பல் நேரமும் ஊர் நேரமும் வேறாக இருக்கலாம். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இவற்றை எல்லாம் நான் கவனித்துக் குறித்தேன். கவனிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. எங்கள் கெபினில் ஒரு கட்டில் விரித்தபடியே கிடந்தது. துப்புரவு செய்பவர் ஒவ்வொரு நாளும் அதன்மேல் துவாயை அன்னமாகவும் யானையாகவும் மடித்து வைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் முதல் நாள் அழுதார். இரண்டாம் நாள், "அம்மா பாஸ்போட் எடுக்கக்குள்ளேயே அப்பாட பேரப் போட்டிருக்கலாம்," என்றார். மூன்றாம் நாள் பிள்ளைகளோடு நீச்சல் குளத்தில் இருந்தார்.

அப்பா சந்தோஷமாக இருந்தார். ஐஸ்கிறீமைக் கண்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். புதுச் சேட்டுப் போட்டு, கடலைப் பின்னால் வைத்துப் படம் எடுக்கச் சொல்லி, குடும்பக் குழுவில் போட்டார். அடுத்த நிமிடமே மாமி எழுதினார்: 'மச்சாள் எங்க? படத்தில காணல்ல.' அதற்கு அப்பா எழுதியதை நான் என் கைபேசியில்தான் பார்த்தேன்.

"ஏன் அப்பா இப்பிடி எழுதின நீங்க?"

"மறுகா என்ன எழுதச் சொல்லுறாய்? பொண்டாட்டிய றோட்டில விட்டுப்போட்டு நான் இஞ்ச ஐஸ்கிறீம் திங்கிறன் எண்டா?"

"அதுதானே நடந்த."

"நடந்த எல்லாத்தையும் எழுதுற இடமா அது?" என்றார். பிறகு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ஒங்கம்மாட மரியாதைக்குத்தான் எழுதின" என்றார்.

அந்தக் குழுவில் அம்மாவும் இருக்கிறார். கப்பல் இணையத்தில் ஒரு நாள் அவரைக் கூப்பிட்டேன். நிறைய நேரம் கழித்து எடுத்தார்.

"மெல்லக் கதை புள்ள," என்றார். "இது ஆள் இல்லாத வீடு."

கேற்றின் மேலாகக் கையை விட்டு வெளிப்பக்கம் பூட்டைப் போட்டதையும், முன் விளக்கைப் போடாததையும் அப்போதுதான் சொன்னார். கருவாடு பொரித்தால் மணம் போகும் என்று பருப்பும் சோறும் மட்டும். தேங்காய் உடைத்தால் சத்தம் கேட்கும். ஆகவே மாரி மழை ஓட்டில் இரைந்து கொட்டும்போது மட்டும் உடைத்தாராம். இதைச் சொல்லும்போது சிரித்தார்.

"ஏனம்மா இப்பிடி? நடந்தத சொன்னா என்ன?"

"பதினேழு வீட்டில பயணம் சொன்னனான். இப்ப நான் எந்த முகத்தோட றோட்டில போற?" பிறகு, "ஒங்கப்பாவும் எழுதிட்டார். இனி நான் வெளியில வந்தா அவர் பொய்யன்," என்றார்.

கடைசி நாள், கப்பல் சிங்கப்பூரை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தபோது, அப்பா என்னிடம் வந்து உட்கார்ந்தார். ஊருக்குப் போனதும் சனம் வரும், அம்மாவிடம் கேட்கும் என்றார். "நீதானே லிஸ்ட் போடுறதில கெட்டிக்காரி. அம்மாக்கு ஒண்டு எழுது."

எழுதினேன். நாற்பத்தொரு வரிகள். கெபின் எந்தத் தட்டில், யன்னலில் என்ன தெரியும், உயிர்காப்புச் சட்டை அணிந்து எல்லோரும் கூடி நின்ற முதல் நாள் பயிற்சி, காலைச் சாப்பாட்டில் என்ன என்ன, துவாயில் செய்த அன்னம், கப்பல் ஆடும்போது கையைப் பிடிக்கும் கம்பி எங்கே. அம்மா இடையிடையே படுத்திருந்தவர் என்பதால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றையும் தெரியாமல் இருக்கலாம் என்பவற்றையும் தனித்தனியாகப் பிரித்தேன். மாமி கேட்கக்கூடிய குறுக்குக் கேள்விகளைக் கடைசியில் போட்டேன். என் தொழிலில் நான் எழுதிய எதிலும் இவ்வளவு கவனம் இருந்ததில்லை. ஒரு பிழையும் இல்லை.

வீட்டுக்கு வந்த அன்று அதைக் கொடுக்க முன், அம்மாவிடம் இருபத்து மூன்றாவது வரியைப் பற்றிச் சொன்னேன்.

"அண்ணன் பிழையா அடிச்சது மெய்தான். ஆனா பாத்துச் சரி போட்டது நான்."

அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். "நானும்தானே பாத்த," என்றார். "சீட்டு வந்த அண்டைக்கு ஒண்டுக்கு ரெண்டு தரம் வாசிச்ச நான். வடிவாத்தான் இருந்த." இலையை உருவி முடித்துவிட்டுத் தண்டை எறிந்தார். "என்ட அப்பாட பேர இந்த வீட்டில ஆரு சொல்லுற, பிழை எண்டு விளங்க?"

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

பட்டியலை இரண்டு நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். மூன்றாம் நாள் மாமி வந்தார். அம்மாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"அண்ணனும் புள்ளையும் கருவாடாட்டம் வந்திரிக்காங்க. நீங்க மட்டும் நல்ல நிறமா வந்திரிக்கீங்க, மச்சாள்?"

"கெபினுக்குள்ள கிடந்தா வெயிலா படும்?" என்றார் அம்மா.

அதன்பிறகு நிற்கவில்லை. அன்னம், யானை, கம்பி, பயிற்சி எல்லாம் வரிசை மாறாமல் வந்தன. நான் எழுதாதவையும் வந்தன. பக்கத்துக் கெபினில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருந்தாராம். அம்மா சத்தி எடுக்கும்போது முதுகைத் தடவி விட்டாராம். அப்பா கதிரையில் இருந்து தலையாட்டினார். "ஓம், நல்ல மனுசி," என்றும் சொன்னார். நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

மாமியின் மகள் லண்டனில் இருக்கிறார். அவரும் மாமியை இப்படி ஒரு கப்பலுக்குக் கூப்பிடுகிறாராம். என்ன என்ன பார்க்க வேண்டும் என்று மாமி அம்மாவிடம்தான் கேட்டார், என்னிடமல்ல.

"எல்லாம் புள்ள லிஸ்ட் தருவா," என்றார் அம்மா. "ஆனா ஒண்டு. சீட்டுப் போடக்குள்ள உங்கட பாஸ்போட்டில எந்தப் பேர் கிடக்கோ அதையே போடச் சொல்லுங்க. உங்கட அப்பாட பேர். புருசன்ட பேர் இல்ல."

"அது ஏன் மச்சாள்?"

நான் குசினி வாசலுக்கு வந்தேன். அப்பா தன் கைபேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். அம்மா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா நிமிரவில்லை.

"ஏத்தமாட்டாங்களாம்," என்றார் அம்மா. "அங்க ஒரு பொம்புளைய ஏத்தல்ல. பாவம். புருசன் அவட கையில ஒரு சோத்துப் பார்சலக் கூட வாங்கிக் குடுக்காம ஏறிப் போயிட்டான்."

"நாசமாப் போவான்," என்றார் மாமி.

"அப்பிடிச் சொல்லாதீங்க," என்றார் அம்மா. "சீனி வருத்தக்காரன்."

மாமி அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு தேத்தண்ணி நல்லாயிருந்தது என்று சொல்லி எழும்பிப் போனார். அவர் என்ன விளங்கிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. குழுவில் எதுவும் எழுதவில்லை.

இப்போதைய நிலை இது. அண்ணன் அடுத்த வருடத்துக்கு மறுபடியும் இடம் பிடிக்கலாமா என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார். அம்மா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். கடவுச்சீட்டில் பெயரை மாற்றலாம் என்று அப்பா ஒருநாள் சொன்னார். அம்மா கடவுச்சீட்டைக் காணி உறுதியோடு சேர்த்து அலுமாரிக்குள் வைத்தார். அப்பாவின் ஊசியை அம்மாதான் இரண்டு நேரமும் போடுகிறார். அந்தப் பயணத்தைப் பற்றி இருவரும் தங்களுக்குள் பேசுவதில்லை. வெளியில் யாராவது கேட்டால் அப்பா கதிரையில் இருப்பார், அம்மா கப்பலைப் பற்றிச் சொல்லுவார்.